வீட்டுக்குள் வந்த மீனாட்சி கல்யாணம்!

மீனாட்சி அம்மனுக்குத் திருக்கல்யாணம். ஆனால், மதுரை வீதிகளில் ஆள் நடமாட்டம் இல்லை! கடைகள் பூட்டிக் கிடந்தன. மாசி வீதி வெறிச்சோடிக் கிடந்தது.

அது 2020-ம் ஆண்டு, மே 4-ந் தேதி.

சித்திரைத் திருவிழா என்றால், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்தெல்லாம் சனம் திரண்டு வரும். அந்த ஆண்டு, கோவிலுக்குள் பட்டர்கள் சிலர் மட்டும் கல்யாணத்தை நடத்தினார்கள். ஊர் அதை டெலிவிஷனிலும் செல்போனிலும் பார்த்தது. கள்ளழகர் வைகையில் இறங்கவில்லை.

காரணம் என்ன? கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. அதன் பெயர் கொரோனா!

கதவு மூடியது

மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. ஊரே வீட்டுக்குள் இருந்தது. மாலை 5 மணிக்கு வாசலில் நின்று கை தட்டினார்கள். சிலர் தட்டைத் தட்டினார்கள்.

மார்ச் 24, மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு முதல், நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு.

மறுநாள் அதிகாலை, தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரையில் நேர்ந்தது. "எங்கோ சீனாவில்" என்று பேசியவர்கள் திடுக்கிட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். மஞ்சள் நீர் தெளித்தார்கள். வெளியே போய் வந்தவர், சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தொட்டார்.

யார் சும்மா இருப்பது?

பள்ளிக்கூடம் இல்லை. 1-ம் வகுப்பு முதல் 9-ம் வகுப்பு வரை எல்லோரும் 'பாஸ்'! பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பரணில் கிடந்த பல்லாங்குழியும் தாயக்கட்டையும் கூடத்துக்கு வந்தன.

அடுப்படியிலோ அடுப்பு அணையவில்லை. காலைப் பலகாரம், மத்தியானச் சோறு, நடுவில் காப்பி, இரவுக்குத் தோசை. வீடு நிறைய ஆள், பாத்திரமும் அப்படியே!

"அவள் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" என்று சொல்லி வந்த ஆண்கள், அந்த 'சும்மா'வை நாள் முழுவதும் கண்ணால் பார்த்தார்கள். சிலர் வெங்காயம் உரித்தார்கள். சிலர் செல்போனை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

வாடிய மல்லிகை

எல்லா வீட்டிலும் காப்பி மணக்கவில்லை. அன்றாடம் கூலி வாங்கி அரிசி வாங்கும் வீட்டில், கதவை மூடினால் உலையும் மூடும்.

மதுரை மல்லிகையை விடியும் முன்னே மொட்டாகப் பறிக்க வேண்டும். கல்யாணம் இல்லை, கோவில் திறக்கவில்லை. பறித்தால் யாரிடம் விற்பது? பூப் பறிப்பவர், தொடுப்பவர், விற்பவர் எல்லோர் கையும் ஓய்ந்தது.

அரிசி கார்டுக்கு அரசு 1,000 ரூபாய் கொடுத்தது. ஏப்ரல் மாதத்துக்கு அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இலவசம். அதை வைத்து நாளைத் தள்ளினார்கள்.

சாமி படத்தின் முன்னே...

திருக்கல்யாணத்தன்று பெண்கள் புதுத் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம். அந்த ஆண்டும் வழக்கம் தவறவில்லை. வீட்டிலே, சாமி படத்தின் முன்னே மாற்றிக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் பயந்து கோவிலுக்கே போகாத பாட்டிமார், கட்டிலில் இருந்தபடி அம்மன் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்டு கைகூப்பினார்கள்.

2022-ல் அழகர் மீண்டும் வைகையில் இறங்கினார். சனம் கடலாய்த் திரண்டது. வீட்டுக் கதவுகள் திறந்தன. ஆண்கள் வேலைக்குப் போனார்கள்.

அடுப்படியில் வேலை மட்டும் குறையவில்லை. "சும்மாதானே இருக்கிறாள்" என்று இனி ஒருவர் சொல்லலாமா?