தங்கம் தீர்ந்த ஊரில் தராசு நிற்கவில்லை



கோலார் தங்கவயல் என்றால் இன்று இளைஞர்களுக்குச் சினிமாதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பழைய பேரேடும், அதில் நான் வெட்கப்படும்படியான ஒரு பக்கமும்.

தொண்ணூறுகளில் எங்கள் மண்டியிலிருந்து சின்ன வெங்காயமும் மணிலாப் பயறும் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மளிகை வணிகருக்குப் போய்க்கொண்டிருந்தன. நாணயமானவர். சுரங்கத்தில் சம்பளம் போட்ட மறுவாரம் டிராப்ட் வந்துவிடும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. செய்தித்தாளில் படித்தவுடன் நான் செய்த முதல் காரியம், ஏற்றி வைத்திருந்த லோடை இறக்கச் சொன்னது. இரண்டாவது காரியம், பாக்கி ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தையும் உடனே அனுப்பும்படி கடிதம் எழுதியது.

அவர் பதில் எழுதவில்லை. மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் என்று டிராப்ட் மட்டும் வந்தது. ஐந்தரை வருடத்தில் கடைசி ரூபாய் வரை தீர்த்துவிட்டார். நான் மறுபடி சரக்கு அனுப்பவும் இல்லை, போய்ப் பார்க்கவும் இல்லை. சென்ற ஆண்டு அவர் காலமான செய்தியை அவர் மகன் தெரிவித்தார். அப்போதுதான் புறப்பட்டேன்.

மாரிக்குப்பம் ரயில்

அரியலூரில் ரயில் ஏறிச் சென்னை. அங்கிருந்து பெங்களூர் மார்க்கத்தில் பங்காருப்பேட்டை. பங்காருப்பேட்டையில் பிரிந்து போகும் கிளைப்பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று சிறு சிறு நிலையங்கள். கர்நாடக மாநிலம்தான், ஆனால் பெட்டிக்குள் பேச்செல்லாம் தமிழ். வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து நான்கைந்து தலைமுறைக்கு முன்னால் கூலி வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள்.

1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி அங்கே சுரங்கத்தை ஏற்றுக்கொண்டது. சுரங்கத்துக்காகவே 1902ல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு விளக்கு எரிந்தது அதற்குப் பிறகுதான். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்த் தோண்டினார்கள். உஷ்ணத்திலும், பாறை வெடிப்பிலும், கல்தூசி நெஞ்சில் படிந்தும் போன உயிர்கள் பல. நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த தங்கம் 800 டன்னுக்கும் மேல். 1956ல் மைசூர் அரசு ஏற்றது. பிறகு மத்திய அரசுக்குப் போய், 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரில் நடந்தது. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. ஒரு டன் கல்லில் கிடைக்கும் தங்கம் சில கிராமாகக் குறைந்தது. எடுக்கும் செலவுக்கு விற்கும் விலை கட்டவில்லை. கொள்முதலுக்குக் கீழே விற்கும் கடை எத்தனை நாள் நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

இன்று சுரங்கத் தூக்கு இரும்புக் கோபுரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. ஊரைச் சுற்றி சயனைடு மலைகள். தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு, மூன்று கோடி டன்னுக்கும் மேல். காற்றடிக்கும் காலத்தில் அந்தத் தூசு வீட்டுக்குள் வருகிறது. அதிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024ல் கர்நாடக அரசு ஒப்புதல் தந்தது. "வரட்டும் ஐயா, வந்தபின் பார்ப்போம்" என்கிறார்கள் கடைத்தெருவில்.

கடை எப்படிப் பிழைத்தது?

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. நான் எதிர்பார்த்தது பூட்டிய கதவுகளை. அந்த மகனிடம் கேட்டேன். கல்லாவுக்கு அடியிலிருந்து அவர் அப்பாவின் சிட்டைகளை எடுத்துக் காட்டினார்.

"முன்னூறு குடும்பம் ஐயா, எல்லாம் மாதச் சம்பளக் கணக்கு. சுரங்கம் மூடியதும் சேரவேண்டிய பணத்துக்கே அவர்கள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். அப்பா யாரையும் கேட்கவில்லை. கடன் மட்டும் நிறுத்தினார். அரைக்கிலோ, கால்கிலோ என்று ரொக்கத்துக்குக் கொடுத்தார். ஐம்பது கிராம் மிளகாய்த்தூளைக்கூடப் பொட்டலம் கட்டினோம்."

பிறகு ஊர் வேறு வழி தேடியது. தினமும் விடியற்காலை ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். 1964ல் தொடங்கிய பி.இ.எம்.எல். இயந்திரத் தொழிற்சாலை இன்னும் ஓடுகிறது. இவர் கடையோ காலை நான்கரைக்குத் திறக்கிறது, இரவு பத்தரைக்குத்தான் மூடுகிறது. பகலில் சுற்றுக் கிராமத்து விவசாயிகள் வருகிறார்கள். அப்பா காலத்தில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. இப்போது பாதிக்கு மேல்.

நான் தயங்கித் தயங்கி அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "உங்கள் கடிதம் தெரியும் ஐயா. இதே மாதிரி ஏழு கடிதம் வந்தது" என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார். ஏழு மொத்த வியாபாரிகளில் ஒருவராவது ரொக்கத்துக்குச் சரக்கு தருகிறேன் என்று எழுதியிருந்தால் அந்த முதல் ஆறு மாதம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பனிக்கடல் ஓரத்தில் ஒரு ஊர்

அமெரிக்காவின் அலாஸ்காவில், கடலோரத்தில், நோம் என்று ஒரு ஊர். 1898ல் அங்கே தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு கடற்கரை மணலிலேயே தங்கம் இருந்தது தெரிய வந்ததும் ஆயிரக்கணக்கில் கூடாரம் போட்டார்கள். 1900ல் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல். இன்று நாலாயிரத்துக்கும் குறைவு. பிற நகரங்களோடு சாலைத் தொடர்பே கிடையாது. பனி உருகிய மாதங்களில் கப்பல், மற்ற நாட்களில் விமானம். ஆகவே அரிசி, மாவு, பால் எல்லாம் கொள்ளை விலை. அப்படியும் ஊர் அழியவில்லை. காரணம், சுற்றியுள்ள சிற்றூர்களுக்கெல்லாம் அதுதான் சந்தை, அதுதான் ஆஸ்பத்திரி, அதுதான் விமான நிலையம். தங்கவயலில் கண்டதும் ஏறக்குறைய இதுதான்.

நம் ஊருக்கு வருவோம்

அரியலூர் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்று நம் சிமெண்ட் ஆலைகளுக்குத் தீனி. ஆலைத் தொழிலாளி, லாரி டிரைவர், கிளீனர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அதுவே சோறு. தங்கம் போல அது நாளையே தீர்ந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் தோண்டி எடுப்பது எதுவும் திரும்ப விளையாது. கல் இருக்கும்போதே இயந்திரம் வந்து ஆளைக் குறைப்பதும் உண்டு.

திரும்பி வந்ததும் என் பேரேட்டை எடுத்து, ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே, அந்தப் பணம் முடிவில் யார் கையிலிருந்து வருகிறது என்று எழுதிப் பார்த்தேன். பத்தில் ஆறு கணக்கு ஆலையையும் லாரியையும் நம்பி இருந்தது. நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பாருங்கள். நான் செய்ய முடிவெடுத்தவை இவை:

ஒரே இடத்துச் சம்பளத்தை நம்பிய கணக்குகள் மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது.

கடன் தவணையை ஒரு மாதத்திலிருந்து பதினைந்து நாளாகக் குறைப்பது. அதை நல்ல காலத்திலேயே சொல்லிச் செய்வது.

மக்காச்சோளமும் வெங்காயமும் பருத்தியும் போடும் கிராமத்துக் கடைகளுக்கு வாரம் இருமுறை வண்டி அனுப்புவது. மழை பொய்த்தால் அங்கேயும் கஷ்டம்தான். ஆனால் அடுத்த போகம் என்று ஒன்று உண்டு.

ஒரு சில்லறை வணிகர் தடுக்கி விழுந்தால், பழைய பாக்கியைத் தனியாக எழுதி வைத்துவிட்டு, ரொக்கத்துக்குச் சரக்கை நிறுத்தாமல் கொடுப்பது.

கடைசியாகச் சொன்னதை நான் 2001ல் செய்திருக்க வேண்டும். இப்போது ராபர்ட்சன்பேட்டைக்கு மாதம் ஒரு லோடு வெங்காயம் போகிறது. முதல் லோடுக்குக் கடனாக எழுதிக்கொள்ளச் சொன்னேன். "வேண்டாம் ஐயா, எங்கள் வீட்டில் ரொக்கம்தான் பழக்கம்" என்று அன்றைக்கே பணத்தை அனுப்பிவிட்டார்.