கணினி விழிக்கும் வேளையில் தோன்றும் அம்புக்குறி

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தொடங்கி மறையூர், மூணாறு, குமுளி வரை கேரள எல்லையோரத்தில் வாழும் தமிழ் வாடிக்கையாளர்களுள் பலர், இன்று இணைய வங்கிச் சேவையை வீட்டுக் கணினியிலேயே பயன்படுத்துகின்றனர். தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அண்மையில் எங்களிடம் வந்து, "சார், உள்ளே போன பிறகு அம்பு நல்லாப் பெரிசாத் தெரியுது. ஆனா கம்ப்யூட்டரைப் போட்டதும் பாஸ்வேர்டு கேக்குற இடத்துல பழையபடி சின்னதாயிடுது. கண்ணுக்கே அகப்படல" என்றார். அதனை மாற்ற இணையத்தில் இலவச மென்பொருள் கிடைப்பதாக யாரோ கூறியிருந்தனர். அதனைப் பதிவிறக்குவதற்கு முன் எங்களைக் கேட்க எண்ணியது அவருடைய நல்ல முன்யோசனை. அவருக்கு அளித்த விளக்கம் பிறருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

உள்ளே பெரிதாக இருக்கும் அம்பு வாயிலில் சிறிதாவது ஏன்? கணினியை இயக்கியதும் முதலில் தோன்றுவது தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம். அடுத்து விண்டோஸ் இயங்குதளம் நினைவகத்தில் ஏறுகிறது. அதன் பின்னரே கடவுச்சொல் கேட்கும் புகுபதிகைத் திரை வருகிறது. இத்திரை வரும்போது, முன்னே அமர்ந்திருப்பவர் யார் என்பது கணினிக்குத் தெரியாது. அம்பின் அளவு, நிறம், வடிவம் ஆகியவற்றில் நீங்கள் செய்த தேர்வுகளோ உங்கள் பெயரிலான கணக்கிலேயே பதிவாகியுள்ளன. கடவுச்சொல் சரியென உறுதியான பிறகே அக்கணக்கு திறக்கப்படுகிறது. அதுவரை எவருக்கும் உரியதல்லாத பொதுக் கணக்கொன்றின் அமைப்பே திரையில் காட்டப்படும்.

வங்கி வழக்கில் சொல்வதானால், உங்கள் பாஸ்புக்கில் உள்ள விவரம் கிளையின் வாயிற்பலகையில் எழுதப்பட்டிருப்பதில்லை. பாஸ்புக்கை நீட்டிய பிறகே உங்கள் கணக்கு எடுக்கப்படுகிறது. கேரளப் பள்ளிகளில் பயன்படும் லினக்ஸ் கணினிகளிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. அங்கும் புகுபதிகைத் திரை தனியொரு கணக்கின் கீழ் இயங்குவதால், மாணவர் தம் கணக்கில் செய்த மாற்றம் அதில் தெரிவதில்லை.

முதலில், கணக்கின் உள்ளே அம்பைப் பெரிதாக்கும் முறை. விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ் பகுதியைத் திறந்து, அக்செஸிபிலிட்டி என்பதைத் தேர்ந்து, மவுஸ் பாயிண்டர் அண்ட் டச் என்னும் பிரிவுக்குச் செல்க. அங்குள்ள நகர்த்தியால் அளவை 1 முதல் 15 வரை கூட்டலாம். வெள்ளை, கறுப்பு, பின்னணிக்கேற்ப மாறும் நிறம், விருப்ப நிறம் என நான்கு வகைகளும் உண்டு. வெண்மையான வங்கிப் பக்கங்களில் கறுப்பு அம்பு எளிதில் தெரியும்.

அடுத்தது புகுபதிகைத் திரை. அதன் அமைப்பை மாற்றச் செட்டிங்ஸ் பகுதியில் வழி இல்லை. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் உட்பதிவேட்டில், டிஃபால்ட் எனப் பெயரிட்ட பொதுக் கணக்கின் கர்சர் பகுதியைத் திருத்த வேண்டும். பெரிய அம்புகளுக்கான கோப்புகள் விண்டோஸ் கோப்புறைக்குள் கர்சர்ஸ் என்னும் உட்கோப்புறையில் ஏற்கெனவே உள்ளன; வெளியிலிருந்து எதையும் பதிவிறக்கத் தேவையில்லை. ஆயினும் உட்பதிவேட்டில் நேரும் ஒரு பிழை கணினியையே முடக்கக்கூடும். பயிற்சி உள்ளவரைக் கொண்டு, முதலில் நகலெடுத்து வைத்த பிறகே இதனைச் செய்க. அலுவலகக் கணினியிலும் பொதுக் கணினியிலும் இம்முயற்சி வேண்டா.

உண்மையில், புகுபதிகைக்கு அம்பே தேவையில்லை. திரை வந்ததும் ஏதேனும் ஒரு விசையை அழுத்தினால் கடவுச்சொல் கட்டம் தோன்றும். தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தினால் போதும். ஒரு பொத்தானிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல டேப் விசை உதவும். எழுத்துகளும் சிறிதாகத் தெரிந்தால், திரையின் வலது கீழ்மூலையில் உள்ள அணுகல் சின்னத்தில் உருப்பெருக்கி உள்ளது.

எல்லைப் பகுதி மக்களுக்கு இதே காரணத்தால் எழும் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று விசைப்பலகைகளை வைத்திருப்போர், புகுபதிகைத் திரையில் வேறொரு விசைப்பலகை இருப்பதை அறியாமல் கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டுகின்றனர். தட்டுவதற்கு முன் திரையின் மூலையில் உள்ள மொழிக்குறியைப் பார்ப்பது நல்லது. மொழி அமைப்பைப் புகுபதிகைத் திரைக்குப் படியெடுக்க, கன்ட்ரோல் பேனலின் ரீஜியன் பகுதியில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் என்னும் தாவலில் வழி உள்ளது. ஆனால் அது மொழியையும் வட்டார அமைப்புகளையும் மட்டுமே படியெடுக்கும், அம்பை அன்று.

இனி, வங்கியாளர்களாகிய நாங்கள் வலியுறுத்த விரும்புவது. அம்புக்குறி ஓர் அலங்காரம் மட்டுமே என்று எண்ணற்க. 2007ஆம் ஆண்டு மார்ச் இறுதியில், அசையும் அம்புகளுக்கான கோப்புகளை விண்டோஸ் கையாளும் முறையில் பெரும் ஓட்டை இருப்பது வெளியானது. தீங்கான இணையப் பக்கத்தைத் திறந்தாலே போதும், பிறருடைய நிரல் நம் கணினியில் இயங்கக்கூடும் என்ற நிலை. மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான மாதாந்தரத் தேதிக்குக் காத்திராமல், ஏப்ரல் 3 அன்றே திருத்தம் வெளியிட நேர்ந்தது. அவ்வோட்டை அடைபட்டுவிட்டது. ஆயினும் அழகிய அம்புகள் என்ற பெயரில் வரும் நிறுவல் கோப்புகள் இன்றும் ஆபத்தானவை. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் குறித்துக்கொள்ளும் நிரல் அவற்றுள் மறைந்திருந்தால், இணைய வங்கிக் கடவுச்சொல்லும் அதனுடன் போய்விடும்.

எனவே, கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்:

1. இயங்குதளத்துடன் வந்த அம்புகளையே பயன்படுத்துங்கள். இ.எக்ஸ்.இ. என முடியும் கோப்பு அம்பு அன்று. அது ஒரு நிரல்.

2. இயங்குதளத்தைப் புதுப்பித்து வையுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது.

3. அக்ஷயா மையம் போன்ற பொது இடங்களில் கடவுச்சொல்லைச் சேமிக்க அனுமதிக்காதீர்கள். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள்.

4. உங்கள் கை படாமலேயே அம்பு நகர்ந்து பொத்தான்களை அழுத்தினால், இணைய இணைப்பை உடனே துண்டியுங்கள். தொலைவிலிருந்து பிறர் கணினியை இயக்கும் செயலி வழியாக இது நிகழலாம். உதவுவதாகக் கூறி அத்தகைய செயலியை நிறுவச் சொல்வோரை நம்ப வேண்டா. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் கிளைக்கும் காலந்தாழ்த்தாது தெரிவியுங்கள்.

அந்தப் பெரியவர் மென்பொருள் எதையும் நிறுவவில்லை. கடவுச்சொல்லைத் தட்டி என்டரை அழுத்துமாறு சொன்னோம். உள்ளே சென்றதும் பெரிய கறுப்பு அம்பு தெரியும்படி அமைத்துக்கொள்ள வழிகாட்டினோம். இத்தகைய ஐயம் உங்களுக்கும் எழுந்தால், எதையும் பதிவிறக்குவதற்கு முன் உங்கள் கிளையை அணுகுங்கள்.