கணினிக்கு ஆறு எது?

"ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது, ஆறு பேர் கரையில் நிற்கிறார்கள்." படிக்கும் நமக்கு ஒரு குழப்பமும் இல்லை. முதல் ஆறு தண்ணீர், அடுத்தது எண்ணிக்கை. கணினிக்கோ இரண்டும் ஒன்றுதான். ஒருங்குறியில் 'ஆ'வுக்கு 2950, 'ற'வுக்கு 2993, உகரக் குறிக்கு 3009. இரண்டு இடத்திலும் அது பார்ப்பது இந்த மூன்று எண்களைத்தான்.

அப்படியானால் பொருளை அதற்கு எப்படிச் சொல்வது? 2012 அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவு என்ற தரவுத்தளம், தன்னிடம் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கிறது. ஓடும் ஆறு கியூ4022. எண்ணாகிய ஆறுக்கு வேறோர் எண். இனிக் குழப்பமில்லை.

அடுத்து, இவற்றை மூன்று மூன்றாகக் கோக்க வேண்டும். தமிழ்நாடு கியூ1445. 'தலைநகரம்' என்ற உறவு பி36. சென்னை கியூ1352. மூன்றும் வரிசையாக நின்றால், தமிழ்நாட்டின் தலைநகரம் சென்னை என்ற செய்தி ஆகிவிடுகிறது. இப்படி மூன்று துண்டுகளாகச் சொல்லும் முறையை, ஆர்டிஎஃப் என்ற பெயரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இலேயே வகுத்துத் தந்தது.

இப்படி ஒரு செய்தி, சங்கிலியின் ஒரு கண்ணி போல. ஒரு கண்ணி தனியாகப் பெரிதில்லை. கோக்கக் கோக்கத்தான் வியப்பு. சென்னை வங்கக் கடலோரம் இருக்கிறது என்று இன்னொருவர் ஒரு கண்ணி சேர்க்கிறார். மற்ற ஊர்களுக்கும் அப்படிச் சேர்ந்துவிட்டால், 'கடலோரத் தலைநகரம் உள்ள இந்திய மாநிலங்கள் எவை?' என்று கேட்கலாம். அந்தப் பட்டியலை யாரும் எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை. கணினி கண்ணி கண்ணியாகப் போய், தானே தொகுத்துத் தரும்.

1996இல் மெட்ராஸ் சென்னை ஆனது. பெயர்தான் மாறியது, ஊர் அதேதான். மெட்ராஸ் என்று தேடினாலும் சென்னை என்று தேடினாலும் போய்ச் சேரும் இடம் கியூ1352. மொழிகளுக்கும் இதே கதைதான். ஒருவர் தமிழில் சேர்த்த கண்ணியை ஜப்பானியர் தம் மொழியிலேயே படிக்கலாம்; அந்தந்த எண்ணுக்கு ஜப்பானியப் பெயர் இருந்தால் போதும்.

ஆனால் எண் பெறாத ஏரி, இந்தக் கேள்விகள் எதிலும் விடையாக வராது. அதன் கரையில் வளர்ந்த ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்: இது ஏரி, இந்த வட்டத்தில் இருக்கிறது, இந்த ஆற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. மூன்றே வரிகள். அதன்பிறகு அந்த ஏரியைக் கணினியும் அறியும்.