சித்திரம் பேசும் வளரிளம் பருவம்

வகுப்புப் புகைப்படம் எடுக்கும் நாள் வந்தால் நம்மில் பலர் பின்வரிசையைத் தேடி ஓடுகிறோம். ஒருத்திக்கு முகப்பரு, மற்றொருத்திக்குத் தான் குண்டு என்ற கவலை, இன்னொருத்திக்குத் தன் உயரமே பாரம். ஆனால் இதைப் பற்றி நாம் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. நாம் பேசத் தயங்குவதைச் சித்திரங்கள் பேசுகின்றன என்றால் வியப்பாக இல்லையா?

கார்ட்டூன் படம் என்பது ஆயிரக்கணக்கான சித்திரங்களின் தொகுப்பு. நொடிக்கு 24 சித்திரங்கள் வீதம் ஓடும்போது அவை உயிர்பெற்று அசைவதாக நம் கண்கள் எண்ணுகின்றன. குழந்தைகளின் பொழுதுபோக்கு என்று கருதப்படும் இக்கலை மாணவியருக்குப் பாடமும் சொன்னது. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி நிறுவனம் மாதவிடாயை விளக்கும் பத்து நிமிடப் படம் ஒன்றைத் தயாரித்தது. பள்ளிகளில் காட்டப்பட்ட அப்படம், அந்நாட்களில் குளிக்கலாம், உடற்பயிற்சியும் செய்யலாம் என்று கூறி அச்சத்தைப் போக்கியது. எனினும் அதில் உதிரம் வெண்மையாகவே காட்டப்பட்டது! உண்மையைச் சொல்ல வந்த படத்திற்கும் உண்மையான நிறத்தைக் காட்டத் துணிவில்லை.

76 ஆண்டுகள் கழித்து, 2022இல் பிக்சார் நிறுவனத்தின் ‘டர்னிங் ரெட்’ வெளிவந்தது. ‘சிவப்பாக மாறுதல்’ என்பது இதன் பொருள். இதை இயக்கியவர் டோமி ஷி என்னும் பெண்மணி. கனடாவின் டொராண்டோ நகரில் வாழும் 13 வயதுச் சிறுமி மெய், ஒரு நாள் காலையில் பெரிய சிவப்புப் பாண்டாவாக மாறியிருக்கிறாள். உடலெங்கும் ரோமம்; நாற்றம் வேறு! குளியலறையில் ஒளிந்து கொள்கிறாள். மகள் பூப்பெய்திவிட்டாள் என்றெண்ணித் தாய் நாப்கின்களுடன் ஓடி வருகிறாள்.

இதையே நடிகையைக் கொண்டு எடுத்திருந்தால், ஒரு பெண்ணின் உடலைத்தான் நாம் உற்று நோக்கியிருப்போம். சித்திரத்திலோ எந்தப் பெண்ணும் பிறர் பார்வைக்கு நிறுத்தப்படவில்லை. அவள் மனத்தின் கூச்சமே உருவம் பெறுகிறது. ‘என் உடல் எனக்கே அந்நியமாகிவிட்டதே’ என்ற தவிப்பைப் புகைப்படக் கருவி பிடிக்க இயலாது; ஓவியரின் கற்பனை பிடித்து விடுகிறது. பாண்டாவைப் பார்த்து முதலில் சிரிக்கிறோம். பிறகு, ‘இது நம் கதையல்லவா!’ என்று உணர்கிறோம்.

மெய்யின் தாயும் பாட்டியும் தங்களுக்குள் இருந்த பாண்டாவைச் சடங்கு செய்து அடைத்து வைத்தவர்கள். மெய்யோ அதைத் தன்னுடனேயே வைத்துக்கொள்ளத் துணிகிறாள். அவளுக்கு அமைதி தந்தது தோழியரின் அன்பு.

தோழியரே! அடுத்த முறை புகைப்படம் எடுக்கும்போது, பின்வரிசையில் ஒளியும் தோழியின் கையைப் பற்றி முன்னே அழைத்து வருவோமா?