சொன்னதைச் செய்யும் கருவி, சொல்லாததைச் செய்யாத கருவி: மெய்நிகர் இயந்திரங்களுக்குக் கட்டளை எழுதுவது எப்படி?

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள். கணினி முன்னால் இருப்பவர், "சர்வர் டவுன் சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்கிறார். அந்த 'சர்வர்' என்பது எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் நிற்கும் தனி இரும்புப் பெட்டி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இன்று பெரும்பாலும் அப்படி இல்லை. தரவு மையத்தில் இருக்கும் பெரிய கணினி ஒன்றை மென்பொருளால் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினி போலவே ஓட விடுகிறார்கள். அதற்குப் பெயர் மெய்நிகர் இயந்திரம், அதாவது விர்ச்சுவல் மெஷின். ஒரே வீட்டைத் தடுத்து நாலு குடித்தனம் வைப்பது மாதிரி. நாலு குடித்தனத்துக்கும் தனித்தனிப் பூட்டு, தனித்தனி மீட்டர்; கட்டடம் மட்டும் ஒன்று.

இது புதுச் சரக்கு இல்லை. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே செய்து பார்த்தது. சாதாரண லினக்ஸ் கணினிகளுக்கு இது பரவலானது 2007க்குப் பிறகு. அந்த ஆண்டுதான் கேவிஎம் என்ற வசதி லினக்ஸ் கருவுக்குள்ளேயே சேர்ந்தது.

ஒரு நிர்வாகியிடம் இருநூறு மெய்நிகர் இயந்திரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் ஒழுங்காக நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தம் போட்டு, காலையில் அலுவலகம் திறப்பதற்குள் மறுபடி கிளப்ப வேண்டும். சுட்டியைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கிளிக் செய்தால் விடிந்துவிடும். நூறாவது இயந்திரத்தில் கண்டிப்பாகக் கை தவறும். அதனால்தான் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, கணினியையே ஓட்டச் சொல்கிறார்கள். அந்தக் கோப்புதான் ஸ்கிரிப்ட். அது கூப்பிடுகிற சின்னச் சின்னக் கருவிகள்தான் கட்டளை வரிக் கருவிகள். ஸ்கிரிப்ட் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார். அப்படியானால் அந்தக் கருவி எப்படி இருக்க வேண்டும்?

உதாரணத்துக்கு லிப்விர்ட் என்ற திறந்த மூல மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2005இல் தொடங்கிய திட்டம், காசு கிடையாது. அதன் கட்டளைக் கருவிக்குப் பெயர் விர்ஷ். 'விர்ஷ் ஸ்டார்ட்' என்று எழுதி இயந்திரத்தின் பெயரைக் கொடுத்தால் அது கிளம்பும். பார்க்க எளிமையாகத்தான் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, கட்டளை முடிந்த பிறகு அது விட்டுப்போகும் ஒரு எண். வேலை சரியாக முடிந்தால் பூஜ்ஜியம். தவறினால் வேறு ஏதாவது எண். (நம் பரீட்சையில் பூஜ்ஜியம் வாங்கினால் ஃபெயில், இங்கே பூஜ்ஜியம்தான் பாஸ்!) திரையில் வரும் செய்தியை மனிதர் படிப்பார். ஸ்கிரிப்ட்டோ இந்த எண்ணைத்தான் பார்க்கும். ஒரு கருவி, வட்டில் இடமில்லாததால் காப்புப் பிரதியைப் பாதியில் நிறுத்திவிட்டு, திரையில் 'பிழை' என்று அச்சிட்டும், எண்ணை மட்டும் பூஜ்ஜியமாக விட்டால் என்ன ஆகும்? ஸ்கிரிப்ட் 'ஆச்சு' என்று நம்பி, அடுத்த வரியில் இருக்கும் 'பழைய பிரதியை அழி' என்ற கட்டளைக்குப் போய்விடும். காலையில் புதுப் பிரதியும் இருக்காது, பழையதும் இருக்காது. அந்த இயந்திரத்தில் இருந்தது ஒரு வட்டத்தின் நிலப் பதிவேடு என்றால், யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, கருவி தரும் பதில். 'விர்ஷ் லிஸ்ட்' என்றால் அழகான அட்டவணை வரும்: வரிசை எண், பெயர், நிலை. கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஸ்கிரிப்டுக்கு அது தலைவலி. தலைப்பு வரியைத் தாண்ட வேண்டும், இடைவெளிகளை எண்ண வேண்டும், பெயருக்குள்ளேயே இடைவெளி இருந்தால் போச்சு. இன்னொரு சிக்கல், கூடுதலாக 'ஆல்' என்று சொல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களை மட்டுமே அது காட்டும்; நின்றுபோனவை கணக்கிலேயே வராது. மொழியும் ஒரு விஷயம். லிப்விர்ட்டுக்குத் தமிழ் உட்படப் பல மொழிகளில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கணினியின் மொழி அமைப்பை மாற்றினால் நிலையைச் சொல்லும் சொல்லும் மாறக்கூடும். 'ரன்னிங்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடும் ஸ்கிரிப்ட் அது கிடைக்காமல், எல்லா இயந்திரமும் நின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடும்.

இதற்கான வழியும் அதே கருவியில் உண்டு. 'நேம்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் தலைப்பு, கோடு எதுவும் இல்லாமல் வரிக்கு ஒரு பெயர் வரும். விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் கட்டளைக் கருவியும் இயந்திர விவரத்தைக் கேட்கும்போது 'மெஷின்-ரீடபிள்' என்று தனி வடிவம் தருகிறது. கியூஎமு-இமேஜ் என்ற வட்டுக் கருவியிடம் ஜேசான் வடிவத்திலேயே கேட்கலாம். மனிதருக்கு ஒன்று, ஸ்கிரிப்டுக்கு ஒன்று என இரண்டு முகம் இருப்பதுதான் முறை. இரண்டையும் ஒன்றாக்கினால், யாரோ ஒருவர் அட்டவணையை அழகுபடுத்திய மறுநாள் நாற்பது ஸ்கிரிப்டுகள் படுத்துவிடும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. 'விர்ஷ் ஷட்டவுன்' என்று கொடுத்தவுடன் கட்டளை முடிந்துவிடும், பூஜ்ஜியமும் வரும். ஆனால் இயந்திரம் நின்றிருக்காது! அது அனுப்பியது ஒரு வேண்டுகோள் மட்டுமே. பவர் பட்டனை ஒருமுறை அழுத்தியது போல. உள்ளே இருக்கும் இயங்குதளம் தன் கோப்புகளை மூடிவிட்டு மெதுவாக நிற்கும். சில நேரம் கண்டுகொள்ளாமலும் இருந்துவிடும். நம்ம ஊர்ல மனு கொடுத்து ரசீது வாங்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று யாராவது வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவோமா? ஸ்கிரிப்ட் தூங்கிவிடும். அதனால் நிலையைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் என்பது போல ஒரு எல்லை வைத்து, அதைத் தாண்டினால் ஆளைக் கூப்பிட வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் கருவி இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது: வேலை முடியும்வரை அதுவே காத்திருக்கும்; வேண்டாம் என்றால் 'நோ-வெயிட்' என்று நாம் சொல்ல வேண்டும். என் பார்வையில் இதுதான் சரியான வழக்கம். அவசரப்படுகிறவர்தான் கூடுதலாக ஒரு சொல் எழுத வேண்டும், கவனமாக இருப்பவர் அல்ல.

பெயர் வைப்பதிலும் விளையாடக் கூடாது. விர்ஷ் கருவியில் 'டெஸ்ட்ராய்' என்று ஒரு கட்டளை. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும்; உண்மையில் அது பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம், அவ்வளவுதான். வட்டும் அமைப்பும் அப்படியே இருக்கும், மறுபடி கிளப்பலாம். அமைப்பை நீக்குவது 'அன்டிஃபைன்' என்ற வேறு கட்டளை. ஆனால் வேக்ரன்ட் என்ற இன்னொரு கருவியில் அதே 'டெஸ்ட்ராய்' இயந்திரத்தையே அழித்துவிடும். விர்ஷ் பழகிய கை வேக்ரன்டில் அந்தச் சொல்லை அடித்தால்? நல்லவேளை, வேக்ரன்ட் 'நிச்சயமா?' என்று ஒருமுறை கேட்கும். பதில் சொல்ல ஆள் இல்லாத ஸ்கிரிப்டுக்குள் ஓடினால், தொங்கிக்கொண்டு நிற்காமல் பிழை சொல்லி வெளியேறும். கேள்வி கேட்காமல் அழிக்க வேண்டும் என்றால் 'ஃபோர்ஸ்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஆபத்தான வேலைக்கு இந்த ஏற்பாடு போதுமா?

போதாது என்பதற்கு ஒரு சம்பவம். 2017 பிப்ரவரி 28. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில், பில்லிங் பகுதி மெதுவாக ஓடுவதாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். சில சர்வர்களை மட்டும் விலக்குவதற்காக, அனுமதி பெற்ற ஓர் ஊழியர் வழக்கமான நடைமுறைப்படியே ஒரு கட்டளை கொடுத்தார். அதில் ஒரு உள்ளீடு தவறாகிவிட்டது. நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் விலகின. முக்கியமான உட்பகுதிகளை முழுதாக மறுபடி கிளப்ப வேண்டியதாயிற்று. எத்தனையோ இணையதளங்களும் செயலிகளும் நான்கு மணி நேரம் தடுமாறின. சேவை நிலையைக் காட்டும் அமேசானின் பலகையே எஸ்3-ஐ நம்பி இருந்ததால், முதலில் அதையும் திருத்த முடியவில்லை.

இதற்குப் பிறகு அமேசான் செய்ததுதான் நமக்குப் பாடம். வெளியிட்ட விளக்கத்தில் ஊழியரின் பெயரைச் சொல்லவில்லை, கருவியைத் திருத்தினார்கள். இனி அது சர்வர்களை மெதுவாகத்தான் விலக்கும். எந்தப் பகுதியும் தனக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும் என்றால் விலக்க மறுத்துவிடும். 'நிச்சயமா?' என்று கேட்டிருந்தால் அந்த ஊழியர் 'ஆமாம்' என்றுதான் சொல்லியிருப்பார், ஏனென்றால் தான் சரியாக அடித்ததாகவே அவர் நினைத்திருப்பார். கேள்வியால் தடுக்க முடியாததை ஒரு எண்ணிக்கை வரம்பு தடுக்கும். 'மூன்றுக்கு மேல் நிறுத்தாதே' என்ற வரம்பைக் கருவிக்குள்ளேயே வைக்கலாம். எதையும் தொடாமல், தொடப்போகிற இயந்திரங்களின் பட்டியலை மட்டும் காட்டும் ஒத்திகை விருப்பமும் வைக்கலாம். பட்டியலில் நூற்று எண்பது பெயர் ஓடினால் யாருக்கும் தூக்கம் கலைந்துவிடும்.

பாதியில் நின்ற ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டும்போதும் ஒரு சங்கடம் உண்டு. ஏற்கெனவே ஓடுகிற இயந்திரத்துக்கு 'ஸ்டார்ட்' கொடுத்தால் விர்ஷ் அதைப் பிழை என்கிறது. அதனால் ஸ்கிரிப்ட் எழுதுபவர் முதலில் நிலையைக் கேட்டுவிட்டு, நின்றிருந்தால் மட்டும் கிளப்ப வேண்டும்.

பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களும் ஊரில் கணினி மையம் நடத்துபவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். பெரிய சர்வர் தேவையில்லை. உபுண்டு லினக்ஸில் லிப்விர்ட்டின் கிளையன்ட் தொகுப்பை நிறுவினால் விர்ஷ் வந்துவிடும். லிப்விர்ட்டோடு சோதனைக்காகவே ஒரு போலி இணைப்பு வருகிறது. விர்ஷ் கருவியில் இணைப்பு முகவரியாக 'டெஸ்ட்' என்று எழுதி, முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடு போட்டு, 'டிஃபால்ட்' என்று முடித்தால் அதற்குள் போகலாம். அங்கே 'டெஸ்ட்' என்ற பெயரில் ஒரு இயந்திரம் ஓடுவது போலக் காட்டும். அதை நிறுத்துங்கள், 'டெஸ்ட்ராய்' கொடுங்கள், நிலையைக் கேளுங்கள், மறுபடி கிளப்புங்கள். எல்லாம் நினைவகத்தில் மட்டும் நடக்கும் நாடகம். வெளியே வந்து மறுபடி உள்ளே போனால் அந்த இயந்திரம் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும்.