டிரம் நிறையத் தண்ணீர், குழாயில் இல்லை!

எங்கப்பா லாரி டிரைவர். கேபின் மேல தண்ணீர் டிரம் கட்டி, டியூப் இறக்கிக் குழாய் வைத்திருக்கிறார். போன மாதம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது வெந்நீர் பீறிட்டுக் கை வெந்துவிட்டது. வெந்த கைக்கு ஓடும் தண்ணீர்தான் முதல் வைத்தியம். குழாயைத் திறந்தால் நூல் மாதிரி வந்து நின்றுவிட்டதாம்! கிளீனர் அண்ணன் டிரம் மூடியைத் திருகியதும் கொட்டியதாம்.

ஏன் என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். தண்ணீர் இறங்க இறங்க, மூடிய டிரம்முக்குள் காற்றழுத்தம் குறையும். வெளிக்காற்று தண்ணீரை விடாமல் தாங்கிக்கொள்ளும்.

உயரமும் வேணும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். லாரியில் 2 மீட்டர்தான், ஐந்தில் ஒரு பங்கு! அதனால் டியூப் அகலமாக, மடங்காமல் இருக்கணும்.

இப்போ அப்பா மூடியில் சின்ன ஓட்டை போட்டு, துணி கட்டிவிட்டார். நண்பர்களே, உங்க வீட்டு டிரம்மையும் பாருங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி