ஆன்டிபாடி ரிப்போர்ட்டை நம்பி ஏமாறாதீர்கள்

காய்ச்சல், இருமல் வந்த மூன்றாம் நாளே லேபுக்குப் போய் ரத்தத்தில் கொரோனா ஆன்டிபாடி பார்க்கிறார்கள். ‘நெகட்டிவ்’ என்றதும் வீட்டிலேயே படுத்துக்கொண்டு, மூச்சு வாங்கிய பிறகு ஆம்புலன்ஸில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து தேறியவர்களோ அதே டெஸ்டில் ‘பாசிட்டிவ்’ பார்த்துவிட்டு, இனி தடுப்பூசி எதற்கு என்கிறார்கள். ரிப்போர்ட்டை லேமினேட் போட்டு வைத்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே என்றால் தெரியாது.

கிருமி நுழைந்ததும் ஆன்டிபாடி வந்துவிடாது. ரத்தத்தில் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். இன்றைய காய்ச்சல் கொரோனாவா, ஃப்ளூவா என்று சொல்வது மூக்கு, தொண்டையில் எடுக்கும் சளி மாதிரிதான். ஃப்ளூ மாத்திரையும் முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

வந்த ஆன்டிபாடி அப்படியே நிற்பதும் இல்லை. தமிழகப் பொது சுகாதாரத் துறையின் ஆய்வில் 2020 கடைசியில் சுமார் 31 சதவீதம் பேருக்கு இருந்தது. 2021 ஏப்ரலில் 23 சதவீதம். இரண்டாம் அலை அப்போதுதான் அடித்தது. தேறியவர்களின் ஆன்டிபாடியை ஏற்றும் பிளாஸ்மா சிகிச்சையும் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடந்த ஐசிஎம்ஆர் ஆய்வில் உயிரிழப்பைக் குறைக்கவில்லை. முடிவு 2020-லேயே வெளிவந்தது. கொரோனா சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து அதை நீக்க 2021 மே வரை ஆனது. அதுவரை உறவினர்கள் டோனர் தேடி அலைந்தார்கள்!

ஆன்டிபாடி ரிப்போர்ட்டைவிடப் பத்திரப்படுத்த வேண்டியவை ஆஸ்பத்திரி ஆவணங்கள்தான். டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரி, சளி மாதிரி முடிவு, மருந்துச் சீட்டு மூன்றையும் வாங்காமல் படியிறங்காதீர்கள். கேஸ் ஷீட் நகல் வேண்டுமென்றால் வாயால் கேட்டுப் பயனில்லை. நோயாளி பெயர், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி எழுதி மனுக் கொடுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனுக்கு. தனியார் என்றால் நிர்வாகத்துக்கு. இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். ‘அடுத்த வாரம் வாங்க’ என்று தனியாரில் இழுத்தால் அந்த சீல் பிரதியோடு மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அரசு மருத்துவமனை இழுத்தடித்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன்: சீல் இல்லாத மனு மனுவே அல்ல. தள்ளியும் போடாதீர்கள், அந்த 2002 விதிப்படி உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர் பாதுகாக்க வேண்டிய காலம் மூன்று ஆண்டுகள்தான்.